தோலுக்குப் பூசும் மருந்து: அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

(அறநிலையத்தின் மருத்துவ விளக்கக் கூட்டத்தில், கோலா கெடாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவ உரை என்று அறிவிப்பில் போட்டதும், சர்க்கரை நோயைப் பற்றியோ இரத்தக் கொதிப்பைப் பற்றியோ பேசப் போகிறேன் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஒரு சின்னஞ்சிறு குழாயைப் பற்றி. உங்கள் வீட்டு அலமாரியில், கண்ணாடிக்குப் பக்கத்தில், பாதி பிதுக்கிய நிலையில் அது கிடக்கும். யாருக்கு, எதற்காக வாங்கியது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஆனால் யாருக்கு எங்கே அரித்தாலும் "அந்தக் கிரீமைக் கொஞ்சம் தடவு" என்று சொல்லிக் கொடுப்போம். அநேகமாக அது ஸ்டீராய்டு கலந்த களிம்பாகத்தான் இருக்கும்.

நான் டாக்டர் அல்லன். கெடா மாநிலத் தோட்டங்களில் மருந்தக உதவியாளராக, நீங்கள் 'டிரசரையா' என்று கூப்பிடுவீர்களே, அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். படித்ததைவிடப் பார்த்தது அதிகம். பார்த்ததோடு தவறு செய்ததும் உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் கையால் நடந்தது

1986-ஆம் ஆண்டு. ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஓர் அம்மா. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும், ஓயாத ஈரமும் சேர்ந்து அவர் இரண்டு உள்ளங்கைகளும் வெடித்து இரத்தம் கசிந்தன. கத்தியைப் பிடிக்க முடியவில்லை. பெரிய டப்பாவில் வந்த கடுமையான ஸ்டீராய்டு களிம்பைக் கரண்டியால் எடுத்து, சிறு தகர டப்பியில் அடைத்துக் கொடுத்தேன். மேலே 'தடவும் மருந்து' என்று மட்டும் எழுதினேன். பத்து நாளில் கை ஆறிவிட்டது. டப்பியில் பாதி மிச்சம்.

அவருக்கு ஒன்பது மாதப் பெண் குழந்தை இருந்தது. தொடையிடுக்கிலும் பிட்டத்திலும் கரப்பான் போலச் சிவந்ததும், தம் கையை ஆற்றிய மருந்து பிள்ளையையும் ஆற்றும் என்று நம்பித் தடவினார். ஆறியது. நிறுத்தினால் மறுபடி சிவந்தது. மறுபடி தடவினார். டப்பி தீர்ந்ததும் என்னிடம் வந்து, "கைக்குக் குடுத்தீங்களே, அதே மருந்து வேணும் டிரசரையா" என்றார். கைக்குத்தான் என்று எண்ணி நானும் அடைத்துக் கொடுத்தேன். இப்படி நாலு மாதம்.

குழந்தையின் முகம் உருண்டையாகிக் கன்னம் உப்பியது. "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு" என்று லயத்தில் எல்லாரும் கொஞ்சினார்கள். நானும் கொஞ்சினேன். வேறு காய்ச்சலுக்காகப் பட்டணத்து டாக்டரிடம் கொண்டு போனபோதுதான் உண்மை தெரிந்தது. மருந்து மெல்லிய தோல் வழியே இரத்தத்தில் கலந்து, குழந்தையின் சொந்தச் சுரப்பியைத் தூங்க வைத்திருந்தது. டாக்டர் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்து, பல மாதம் கவனித்துக் காப்பாற்றினார். அந்தக் குழந்தை இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

அந்த அம்மா என்மேல் கோபப்படவே இல்லை. "நீங்க நல்லதுக்குத்தானே குடுத்தீங்க" என்றார். அந்தச் சொல்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. மருந்தில் குற்றமில்லை. தாயிடமும் குற்றமில்லை. டப்பியின்மேல் மருந்தின் பெயர் இல்லை. எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்ற குறிப்பு இல்லை. அது என் குற்றம். இன்று இங்கே நான் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

ஸ்டீராய்டு என்பது என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அது கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரக்கிறது. இந்தச் சுரப்பியின் பொருள்களை ஆராய்ந்ததற்காக எட்வர்டு கெண்டல், பிலிப் ஹெஞ்ச், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952-இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள், ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின்மேல் பூசினால் படை தணிகிறது என்று காட்டினார்கள். அதற்கு முன் தார்க் களிம்பு போன்றவற்றைத் தடவிக்கொண்டு துன்பப்பட்ட நோயாளிகளுக்கு அது பெரிய விடுதலை.

தோல் சிவந்து, வீங்கி, அரிப்பது உடலின் காவல்படை செய்யும் ஆரவாரம். காரணமில்லாமல் ஆரவாரம் செய்யும்போது, ஸ்டீராய்டு அதை அமைதிப்படுத்துகிறது. கரப்பான், ஒவ்வாமைப் படை, சொரியாசிஸ் ஆகியவற்றில் நன்மை கிடைப்பது இதனால்தான். ஆனால் வீட்டுக்குள் உண்மையாகவே திருடன் புகுந்திருந்தால்? காவல்காரனைத் தூங்க வைப்பது திருடனுக்குத்தான் உதவி. காளான் கிருமி, சொறிப் பூச்சி, சீழ்க் கிருமி ஆகியவற்றை ஸ்டீராய்டு கொல்வதில்லை. அரிப்பை அடக்கி, நோயை மறைத்து, கிருமிக்கு வழிவிடுகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்றைய உரையில் பாதி முடிந்தது.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எல்லா ஸ்டீராய்டும் ஒன்றல்ல. மருத்துவர்கள் அவற்றை நான்கு படிகளாகப் பிரித்துப் பேசுவார்கள். மென்மையானது ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம். நடுத்தரமானது குளோபெட்டாசோன். கடுமையானவை பீட்டாமெத்தசோன் வேலரேட், மொமெட்டசோன். மிகக் கடுமையானது குளோபெட்டசால்.

பலர் சதவீதத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். "இது 1 சதவீதம், அது 0.05 சதவீதம்தானே, அதுதான் லேசானது" என்கிறார்கள். உண்மை நேர்மாறு. 0.05 சதவீதக் குளோபெட்டசால், 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வலிமை உள்ளது. மிளகாயின் காரத்தை அதன் நீளத்தை வைத்து அளக்கலாமா? ஊசிமிளகாய் சிறியதுதான், காரம் எவ்வளவு! ஆகவே எண்ணைப் படிக்காதீர்கள், பெயரைப் படியுங்கள்.

மருந்து ஒன்றாக இருந்தாலும் இடத்துக்கு இடம் உறிஞ்சும் அளவு மாறும். 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் இதை அளந்து பார்த்தார்கள். முன்கையில் உறிஞ்சப்படுவதை ஒரு மடங்கு என்று வைத்தால், நெற்றியில் 6 மடங்கு, தாடையில் 13 மடங்கு, ஆண்களின் விதைப்பையில் 42 மடங்கு உறிஞ்சப்பட்டது. உள்ளங்காலிலோ ஒரு மடங்கில் ஏழில் ஒரு பங்குதான். உள்ளங்கைக்கு ஏற்ற கடுமையான மருந்து முகத்துக்கும் தொடையிடுக்குக்கும் ஏன் ஆகாது என்பது இதிலிருந்து விளங்கும். குழந்தையின் பிட்டத்தில் தடவி அதன்மேல் பம்பர்ஸ் கட்டினால் உறிஞ்சுவது இன்னும் கூடும். என் டப்பி செய்த வேலை அதுதான்.

மறைந்து வளரும் நோய்கள்

முதலில் படர்தாமரை. நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் இது எளிதில் வரும். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் ஆறினாற்போல இருக்கும். இது காளான். இதில் ஸ்டீராய்டு தடவினால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும். கிருமியோ கீழே பரவிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும். ஓரம் மறைந்து உருவம் மாறிப்போவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போவதுண்டு. 1968-இலேயே ஐவ், மார்க்ஸ் என்ற மருத்துவர்கள் இதற்கு 'மாறுவேடம் பூண்ட படர்தாமரை' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள்.

தமிழ்நாட்டுக்குப் போய் வரும் நம்மவர்கள் பெட்டியில் நாலு குழாய் கொண்டு வருவது வழக்கம். "அங்கே கைகண்ட மருந்து, விலையும் மலிவு" என்று உறவினருக்கும் பங்கு வைப்பார்கள். பல குழாய்களில் கடுமையான ஸ்டீராய்டு, காளான் மருந்து, கிருமிக்கொல்லி மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். இந்தியாவில் இத்தகைய களிம்புகளைச் சீட்டில்லாமல் வாங்கித் தடவியதால் ஏற்பட்ட கேட்டைத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலம் எடுத்துச் சொன்னார்கள். 2018-இல்தான் இந்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. அங்கே வேர்விட்டுப் பரவி, வழக்கமான மாத்திரைக்கும் பல வேளைகளில் அடங்காத ஒரு காளானுக்கு 2020-இல் விஞ்ஞானிகள் 'ட்ரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே' என்று தனிப் பெயரே வைத்தார்கள். இந்தியாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். அது பரவியதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

அடுத்தது சொறி. இரவில் அரிப்பு கூடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி வரும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வரும். இது கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி. பிள்ளைகள் சேர்ந்து தூங்கும் இல்லங்களிலும் விடுதிகளிலும் இது வந்தால், அரிக்கும் பிள்ளைக்கு மட்டும் ஸ்டீராய்டு தடவி அடக்கினால் மாதக்கணக்கில் எல்லாருக்கும் பரவும். எல்லாரும் ஒரே நாளில் உரிய மருந்தைப் பூசி, துணிமணிகளையும் துவைக்க வேண்டும்.

மூன்றாவது, வெளிறிய தழும்பு. தேமல் என்று நினைத்துக் கைக்குக் கிடைத்ததைத் தடவுகிறோம். அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள், தொழுநோயாக இருக்கலாம். அஞ்ச வேண்டாம். 1930-இல் சுங்கை பூலோவில் நோயாளிகளுக்கென்று தனிக் குடியிருப்பு கட்டிய காலம் வேறு. இன்று மாத்திரையால் முழுதும் குணமாகும் நோய் அது. களிம்பைத் தடவி நாளைக் கடத்துவதுதான் ஆபத்து.

கடைசியாக, பெண்கள் நெற்றியில் வரும் அரிப்பு. ஒட்டும் பொட்டின் பசையில் உள்ள ஓர் இரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பொட்டு வைத்த இடம் முதலில் அரித்து, பிறகு வெள்ளையாகவே போய்விடும். பொட்டை மாற்றாமல் களிம்பை மட்டும் தடவிக்கொண்டிருப்பது, குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றது.

முகத்துக்குத் தடவும் பெயரில்லாக் கிரீம்

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், பசார் மாலாமிலிருந்தும், கைத்தொலைபேசி வழியாகவும் சிறு டப்பிகளில் முக வெளுப்புக் கிரீம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கையில் அப்படி ஒன்றைத் தடவத் தொடங்கினாள். இரண்டு வாரத்தில் முகம் பளபளத்தது. தோழிகளும் வாங்கினார்கள். கல்யாணம் முடிந்து டப்பி தீர்ந்தது. நாலே நாளில் முகம் நெருப்பாய்ச் சிவந்து, எரிந்து, பருக்கள் கிளம்பின. மறுபடி தடவினால்தான் அடங்கும் என்ற நிலை. வெயிலில் நடக்க முடியவில்லை; மெல்லிய இரத்தக் குழாய்கள் கன்னத்தில் நூல்நூலாகத் தெரிந்தன. அந்த டப்பியில் என்ன இருந்தது என்று எழுதியிருக்கவே இல்லை. முகம் ஓரளவு தேற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. கறுப்பாகப் பிறந்ததில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. குறை என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான்.

இது ஒரு பெண்ணின் கதை மட்டுமல்ல. இந்தியாவின் பல நகரங்களில் முகத் தோல் நோய்க்காக வந்த 2926 பேரைப் பார்த்து 2011-இல் வெளியான ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தது தெரிந்தது. நம் நாட்டிலும், தேசிய மருந்தக ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ, அழகுக் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் ஆகியவை கலந்திருப்பதைக் கண்டுபிடித்துப் பல முறை எச்சரித்திருக்கிறது. வாங்கும்போது பாருங்கள்: மருந்தென்றால் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவெண் இருக்க வேண்டும். அழகுப் பொருளென்றால் 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். ஆனால் எண் இருப்பது மட்டும் போதாது. போலி எண்ணும் உண்டு. மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.

தடவும் முறை

சரியான மருந்தை டாக்டர் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். "லேசாகத் தடவுங்கள்" என்று சொன்னால் எவ்வளவு லேசு? இதற்கு ஓர் எளிய அளவு உண்டு. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஒரு 'விரல் நுனி அளவு', ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு அது போதும். பெரியவருக்கு ஒரு கை, மணிக்கட்டுக்குக் கீழே இரு பக்கமும் பூச ஓர் அளவு; ஒரு முழங்கை, மேற்கை முழுவதற்கும் மூன்று அளவு; ஒரு கால் முழுவதற்கும் ஆறு அளவு. குழந்தைக்கும் அளப்பது பெரியவர் விரலால்தான்; ஆனால் எண்ணிக்கை வெகு குறைவு. ஒன்று இரண்டு வயதுக் குழந்தையின் ஒரு காலுக்கும் பாதத்துக்கும் இரண்டு அளவு போதும்.

ஒரு நாளைக்கு ஒரு தடவை அல்லது இரு தடவை. அதற்கு மேல் தடவினால் பலன் கூடாது, கேடுதான் கூடும். நோயுள்ள இடத்தில் மட்டும் தடவுங்கள். டாக்டர் சொல்லாமல் மேலே பிளாஸ்டிக்கோ கட்டோ போடாதீர்கள். கண்ணைச் சுற்றித் தடவவே வேண்டாம். நெடுநாள் தடவினால் கண்ணழுத்த நோயும் கண்புரையும் வரலாம். மிகக் கடுமையான வகையைத் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தாமாகத் தடவக் கூடாது. பல மாதம் தடவியிருந்தால் ஒரே நாளில் நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள். தோல் மெலிவது, வரிவரியாக வெடிப்பது, முகத்தில் முடி வளர்வது ஆகியவை எச்சரிக்கை மணிகள். அந்த வரிகள் ஒருமுறை விழுந்தால் முழுதும் மறையா.

அச்சமும் கேடுதான்

இவ்வளவும் கேட்டுவிட்டு, "இனி அந்தப் பக்கமே போக மாட்டோம்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து, டாக்டர் கொடுத்த மென்மையான களிம்பைக் குப்பையில் போட்ட ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். கரப்பான் உள்ள அவர் மகன் இரவெல்லாம் சொறிந்து, புண்ணாகி, சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் படுத்தான். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுத்தார்கள். பிறகு அதே களிம்பை முறையாகத் தடவி, குளித்த ஈரம் காய்வதற்குள் வெறும் ஈரப்பசைக் களிம்பையும் தினமும் பூசியபோது பையன் நிம்மதியாகத் தூங்கினான். அவனோடு வீடும் தூங்கியது. நம் சுகாதார அமைச்சு 2018-இல் வெளியிட்ட கரப்பான் சிகிச்சை வழிகாட்டியிலும் ஈரப்பசைக் களிம்பும், தேவைப்படும்போது ஸ்டீராய்டும் சேர்ந்தே இடம்பெற்றிருக்கின்றன.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவோடு கிடைக்கும் அமிர்தத்தை நஞ்சென்று கொட்டிவிடுவதும் அறியாமையே.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நிறைவாக, கொடையாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இல்லங்களுக்கும் இலவச மருத்துவ முகாம்களுக்கும் வீட்டில் மிச்சமான மருந்துகளைப் பையில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. மனம் நல்ல மனம்தான். ஆனால் பாதி பிதுக்கிய குழாயைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அதை வாங்கும் பராமரிப்பாளர் அம்மாவுக்கு, யாருக்குத் தடவுவது, எத்தனை நாள் தடவுவது என்று தெரியாது. அன்று என் தகர டப்பியை வாங்கிய அந்த அம்மாவின் நிலைதான் அவருக்கும்.

அதற்குப் பதிலாக, சாதாரண வாஸ்லின், வாசனையில்லாத ஈரப்பசைக் களிம்பு, ஆளுக்கொரு துண்டு, துவைக்கும் இயந்திரம் வாங்கிக் கொடுங்கள். தோட்டப் புறத்திலிருந்து அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ, சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ போக வண்டிச் செலவு இல்லாமல் நாளைத் தள்ளிப்போடும் முதியவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்டுதான். அங்கே போய்ச் சேரும் வண்டிச் செலவுதான் பல மடங்கு. அந்தச் செலவை நீங்கள் ஏற்றால் அதைவிடப் பெரிய மருந்துக் கொடை இல்லை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பெயர் அழிந்த குழாய், நாள் கடந்த குழாய், யாருடையது என்று தெரியாத குழாய் எல்லாவற்றையும் எடுத்து அரசாங்கக் கிளினிக்கின் மருந்தகத்தில் ஒப்படையுங்கள். வைத்துக்கொள்ளும் குழாயின்மேல் ஒரு சீட்டு ஒட்டி மூன்று செய்தி எழுதுங்கள்: யாருக்கு, எந்த இடத்துக்கு, எந்தத் தேதி வரை. 1986-இல் நான் எழுதாமல் விட்ட மூன்று வரி அது. உங்கள் வீட்டிலாவது எழுதப்படட்டும்.